கீழாநெல்லி முதல் ஹீலா வரை

நுழையும்முன்

மருந்தின் ஆற்றலை ஆராய்பவர், தம் கையில் இருக்கும் செடி எது, தம் குடுவையில் வளரும் செல் எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மிக எளிதாகத் தோன்றும் இப்பணி தவறியதால் ஆயிரக்கணக்கான ஆய்வுகள் ஐயத்திற்கு உள்ளாகியுள்ளன. நம் வயல்வரப்பில் வளரும் மூலிகை ஒன்றையும் உலகின் ஆய்வகங்களில் எல்லாம் வளரும் செல் ஒன்றையும் கொண்டு அதனை விளக்குகிறது இக்கட்டுரை.

வரப்போரத்துச் செடி

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மழை பெய்து ஓய்ந்த சில வாரங்களில், நெல்வயல் வரப்புகளிலும் கரும்புத் தோட்டத்து வாய்க்கால் ஓரங்களிலும் மரவள்ளி நட்ட நிலங்களிலும் ஒரு சாண் உயரத்தில் சிறுசெடி ஒன்று முளைத்து நிற்கும். புளியிலையை ஒத்த சிற்றிலைகள். அவ்விலைகளின் அடியில் வரிசையாகத் தொங்கும் மிகச் சிறிய காய்கள். காய் நெல்லிக்காயின் வடிவில் இருப்பதாலும், இலைக்குக் கீழே தொங்குவதாலும் அது கீழாநெல்லி எனப் பெயர்பெற்றது. அதனை அரைத்து மோரில் கலந்து மஞ்சள் காமாலைக்குக் கொடுப்பது தமிழகமெங்கும் அறியப்பட்ட வழக்கம்.

அந்த வரப்பிலேயே சற்று உற்று நோக்கினால், ஏறத்தாழ அதே தோற்றமுடைய வேறு செடிகளும் தென்படும். ஒன்றன் தண்டு செந்நிறம் படர்ந்திருக்கும். இன்னொன்றில் இலை சற்று நீண்டிருக்கும். மற்றொன்று எல்லாவகையிலும் கீழாநெல்லியாகவே காட்சிதரும். பூவை உருப்பெருக்கியின் கீழ் வைத்து எண்ணினால்தான் பூவிதழ் ஐந்தா, ஆறா என்னும் வேறுபாடு புலப்படும். இவையனைத்தும் தாவரவியலில் பில்லாந்தஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு சிற்றினங்கள். பூவிதழ் ஐந்துடையது பில்லாந்தஸ் அமாரஸ். இதுவே இன்று கீழாநெல்லி என உறுதிசெய்யப்பட்டுள்ள சிற்றினம். ஆறு உடையவற்றுள் பில்லாந்தஸ் பிரேடர்னஸ், பில்லாந்தஸ் டெபிலிஸ் ஆகியன அடங்கும். செந்தண்டுடையது பில்லாந்தஸ் யூரினேரியா. மேலாநெல்லி என வழங்கும் பில்லாந்தஸ் மதராஸ்பதென்சிஸும் இக்குடும்பத்து உறவே. அதன் பெயரில் மதராஸ் இருப்பதைக் காண்க.

ஒரு பெயர் பல பொருளுக்கு வழங்குவது மொழியின் இயல்பு. கரிசலாங்கண்ணி என்றால் வெண்பூப் பூப்பதும் உண்டு, மஞ்சட்பூப் பூப்பதும் உண்டு. இரண்டும் வெவ்வேறு பேரினங்கள். சங்கபுஷ்பி என்னும் வடமொழிப் பெயரால் வடநாட்டார் குறிப்பது ஒரு செடியை. தென்னாட்டார் பலர் குறிப்பது நம் வேலியில் படரும் சங்குப்பூக் கொடியை. இத்தகைய மயக்கம் தாவரங்களோடு நிற்பதில்லை. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கிழக்குத்தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்களின் பெயர் மலையாளி. கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் அமைந்த அப்பெயரைக் கேட்டு, முதன்முறை செல்வோர் மயங்குவது வழக்கம்.

கல்வராயன் மலைமக்கள் கடுக்காய், நெல்லி, புளி, தேன் போன்றவற்றைத் திரட்டுகையில் மரத்தின் பட்டை, இலையின் மணம், காய்க்கும் பருவம், வளரும் சரிவு ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்குகின்றனர். செடி உயிரோடு மண்ணில் நிற்கும்போது இவ்வடையாளங்கள் யாவும் அதனோடு இருக்கின்றன. அதனைப் பிடுங்கி, உலர்த்தி, கட்டாகக் கட்டி, சந்தைக்கு அனுப்பி, பொடியாக்கிய பின்னர் எஞ்சுவது பெயர் ஒன்று மட்டுமே. ஆய்வாளரின் மேசைக்குப் பெரும்பாலும் வந்துசேர்வது அந்தப் பொடிதான்.

சென்னையில் நிகழ்ந்த ஆய்வு

கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களுள் ஹெபடைடிஸ் பி கொடியது. சிலருடைய உடலில் அது பல்லாண்டுகள் தங்கி, கல்லீரல் இறுக்கத்திற்கும் புற்றுநோய்க்கும் இட்டுச்செல்லும். இதனைக் கண்டறியப் பெருந்துணை புரிந்தவர் அமெரிக்க அறிவியலாளர் பரூக் புளூம்பெர்க். அவ்வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை 1960களில் இனங்கண்டமைக்காக அவருக்கு 1976இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி ஆகியவற்றின் சாறுகள் இவ்வைரஸ் புரதத்தைச் செயலிழக்கச் செய்கின்றனவா எனச் சோதனைக் குழாயில் ஆராய்ந்து 1982இல் கட்டுரை வெளியிட்டனர். அதில் கீழாநெல்லிக்குத் தரப்பட்ட தாவரவியற் பெயர் பில்லாந்தஸ் நிரூரி. 1987இல் புளூம்பெர்க்கும் அவருடன் பணியாற்றிய வெங்கடேஸ்வரன் முதலியோரும் அமெரிக்காவில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலும் பில்லாந்தஸ் நிரூரி என்றே இருந்தது. இரு குழுவினரும் இணைந்து 1988இல் இலண்டனின் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரையில் பெயர் மாறியது. அதன் தலைப்பில் இடம்பெற்றது பில்லாந்தஸ் அமாரஸ்.

ஓராண்டு இடைவெளியில் பெயர் மாறியதற்குக் காரணம் உண்டு. நிரூரி என்பது 1753இல் லின்னேயஸ் சூட்டிய பெயர். அப்பெயருக்கு உரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. இந்தியத் தாவர நூல்கள் நெடுங்காலமாக நம் நாட்டுச் செடிக்கும் அதே பெயரை வழங்கிவந்தன. அமெரிக்கத் தாவரவியலாளர் வெப்ஸ்டர் 1950களில் இப்பேரினத்தை மறு ஆய்வு செய்து சிக்கலை ஓரளவு அவிழ்த்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த மித்ரா, ஜெயின் ஆகிய இருவரும் 1985ஆம் ஆண்டு இதழில், இந்திய நூல்களில் நிரூரி எனக் குறிக்கப்பட்டவை உண்மையில் அமாரஸ், பிரேடர்னஸ், டெபிலிஸ் என்னும் மூன்று சிற்றினங்களின் கலவை என விளக்கினர். அதாவது, முந்தைய ஓர் ஆய்வுக் கட்டுரையில் நிரூரி என்று காணப்பட்டால், அவ்வாய்வில் பயன்பட்டது இம்மூன்றனுள் எது என்பதைக் கட்டுரையைப் படித்து மட்டும் அறிய இயலாது. செடியின் உலர்ந்த மாதிரி எங்கேனும் பாதுகாக்கப்பட்டிருந்தால் அறியலாம். இல்லையேல் அவ்வாய்வின் முடிவு எந்தச் செடிக்கு உரியது என்பது கேள்வியாகவே நிற்கும்.

லான்செட் கட்டுரையின் முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. வைரஸைச் சுமந்தோருள் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் மூன்று வேளை, 30 நாள்கள் கொடுக்கப்பட்டது. மற்றொரு பகுதியினருக்கு அதே தோற்றத்தில் மருந்தற்ற பொருள் கொடுக்கப்பட்டது. காமாலை தானாகவே தணிவதும் உண்டு என்பதால் இத்தகைய ஒப்பீடு இன்றியமையாதது. மூலிகை உண்டோர் 37 பேருள் 22 பேரின் குருதியில் வைரஸ் புரதம் மறைந்திருந்தது. அது 59 விழுக்காடு. மருந்தற்ற பொருளை உண்டோர் 23 பேருள் ஒருவருக்கு மட்டுமே மறைந்திருந்தது.

இதனைப் படித்த பிற நாட்டினர் தாமும் செய்து பார்த்தனர். தாய்லாந்தில் 1990இல் வெளியான ஆய்வில் பயன் தென்படவில்லை. நெதர்லாந்திலும் நியூசிலாந்திலும் நிகழ்ந்த ஆய்வுகளிலும் அவ்வாறே. சீனத்து ஆய்வாளர்கள் 1995இல், இந்தியாவிலிருந்து பெற்ற அமாரஸ் உள்ளிட்ட மூன்று வெவ்வேறு பில்லாந்தஸ் மருந்துகளை ஒப்பிட்டபோது, நோயாளிகளிடம் மிகுதியான மாற்றத்தைக் காட்டியது யூரினேரியா. பின்னர் எல்லா ஆய்வுகளையும் திரட்டி மதிப்பிட்டோர், ஹெபடைடிஸ் பி நோய்க்கு இம்மூலிகை பயன்தரும் என உறுதிகூறப் போதிய சான்று இல்லை என்றனர்.

சென்னை ஆய்வு தவறானது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரமாகும். மண், பருவம், பறித்த காலம், சாறெடுத்த முறை, நோயாளிகளின் நிலை ஆகியவற்றுள் எதுவும் வேறுபாட்டிற்குக் காரணமாகலாம். பெயர்க்குழப்பம் செய்த தீங்கு வேறுவகையானது. முடிவுகள் முரண்படும்போது, இருவரும் ஒரே செடியைத்தான் சோதித்தார்களா என்பதே முதல் வினா. அவ்வினாவுக்கு ஐயமற்ற விடை கிடைக்காதவரை அடுத்த வினாவுக்குச் செல்ல வழியில்லை. சென்னைக் குழுவினர் 1988இல் சரியான பெயரை எடுத்தாண்டது, அவ்வகையில் பின்வந்தோர்க்குச் செய்த பேருதவி.

(ஹெபடைடிஸ் பி நோயைத் தடுக்கும் தடுப்பூசி, குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவமனைகளில் இன்று இலவசமாகப் போடப்படுகிறது. அதன் உருவாக்கத்திலும் புளூம்பெர்க்குக்குப் பங்குண்டு.)

தெரிந்து தெளிவோம்

பெல்ஜியத்தின் தலைநகர் பிரசல்சில் 1990களின் தொடக்கத்தில், உடல் எடையைக் குறைக்கச் சீன மூலிகை கலந்த மாத்திரைகள் பெண்கள் பலருக்குத் தரப்பட்டன. அவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதுற்றன. பலருக்குச் சிறுநீரக மாற்று அறுவை தேவைப்பட்டது. மாத்திரையில் இருக்க வேண்டிய மூலிகையின் சீனப் பெயர் பாங் ஜி. அதற்குப் பதிலாகக் கலந்திருந்தது குவாங் பாங் ஜி. பெயரில் ஒரு சொல்லே வேறுபாடு. செடியோ முற்றிலும் வேறு. பின்னது, நம் ஊர்க் கரிசல் நிலங்களில் காணப்படும் ஆடுதின்னாப்பாளையின் பேரினமான அரிஸ்டலோக்கியாவைச் சேர்ந்தது. அப்பேரினத்தில் உள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும்.

செடியைச் சோதிக்கும் செல்

மூலிகைச் சாறு ஒன்று கல்லீரலுக்கு நன்மை தருமா என அறிய, எடுத்த எடுப்பிலேயே மனிதருக்குக் கொடுப்பதில்லை. முதலில் கண்ணாடிக் குடுவையிலோ நெகிழித் தட்டிலோ வளர்க்கப்படும் கல்லீரல் செல்களின்மீது அதனைச் சோதிப்பர். இங்கே சாறு எந்தச் செடியுடையது என்பதோடு இரண்டாவது வினாவும் எழுகிறது: தட்டில் வளர்வது கல்லீரல் செல்தானா?

மனித உடலிலிருந்து எடுக்கப்படும் இயல்பான செல்கள், குடுவையில் குறிப்பிட்ட சில முறை பிரிந்தபின் மடிந்துவிடும். புற்றுநோய்ச் செல்கள் சில மட்டும் ஊட்டநீர்மம் கிடைக்கும்வரை பிரிந்துகொண்டே இருக்கும். ஒரு செல்திரளிலிருந்து இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பெருகிவரும் வழித்தோன்றல்களைச் செல் வரிசை என்பர். செல் வரிசையின் ஒரு பகுதியை உறையவைத்து உலகின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். பெறுவோர் அதனை மீண்டும் வளர்த்து, பிறருக்கும் பகிர்ந்தளிப்பர். நாற்றங்காலில் விட்ட ஒரு கைப்பிடி விதைநெல் ஊர்முழுதும் பரவுவது போன்றது இது. தொடக்கத்தில் கலப்பு நேர்ந்திருந்தால் அதுவும் உடன் பரவும்.

மனிதச் செல் வரிசைகளுள் முதன்முதலில் நிலைபெற்றது ஹீலா. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1951இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணி ஹென்றியட்டா லாக்ஸ். அவருடைய புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த செல்களை ஜார்ஜ் கை என்னும் ஆய்வாளர் வளர்த்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளே ஹீலா என்றாயின. ஹென்றியட்டா அவ்வாண்டு அக்டோபரில் தம் 31ஆம் வயதில் மறைந்தார். செல்களை எடுப்பதற்கு அவரிடமோ குடும்பத்தாரிடமோ ஒப்புதல் பெறப்படவில்லை. ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒருமுறை இரட்டிக்கும் அச்செல்கள் போலியோ தடுப்பூசி ஆய்வு தொடங்கி எண்ணற்ற ஆய்வுகளுக்குப் பயன்பட்டன.

அவ்வேகமே இடையூறாகவும் அமைந்தது. ஒரே அறையில், ஒரே மேசையில் ஹீலாவையும் வேறு செல்களையும் கையாளும்போது, நீர்மம் உறிஞ்சும் குழாயின் நுனியில் ஒட்டிய ஒரு துளி போதும். அத்துளியில் உள்ள ஒருசில ஹீலா செல்கள் அயல் குடுவையில் விழுந்து, மெல்ல வளரும் செல்களைச் சில வாரங்களில் முந்திவிடும். வயலில் பயிரை அமுக்கிக் களை மேலெழுவதை இங்கு நினைத்துப் பார்க்கலாம். ஆயின் உழவருக்குக் களை கண்ணுக்குத் தெரியும். நுண்ணோக்கியின் கீழ் ஹீலாவும் பிற புற்றுநோய்ச் செல்களும் பல வேளைகளில் ஒன்றுபோலவே தோன்றும். குடுவையின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும் பழையபடியே இருக்கும்.

1966இல் பென்சில்வேனியாவின் பெட்போர்டு நகரில் நடந்த கருத்தரங்கில், மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் ஒரு செய்தியைக் கூறினார். செல்களில் உள்ள ஜி6பிடி என்னும் நொதியில் ஏ, பி என இருவகை உண்டு. ஏ வகை ஏறத்தாழ ஆப்பிரிக்க வழியினரிடம் மட்டுமே காணப்படுவது. வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு மனிதரிடமிருந்து, வெவ்வேறு உறுப்புகளிலிருந்து உருவாக்கியதாகக் கருதிய பல செல் வரிசைகளை அவர் சோதித்தபோது, எல்லாவற்றிலும் ஏ வகையே இருந்தது. செல்லைத் தந்தோருள் பலர் வெள்ளையர். எனவே அவையனைத்தும் ஹீலாவாக இருத்தல் கூடும் என்றார் கார்ட்லர். தம் வாழ்நாள் உழைப்பு ஒரு நொதிச் சோதனையால் ஐயத்திற்குள்ளாவதை அங்கிருந்தோர் பலர் ஏற்கவில்லை.

கலிபோர்னியாவில் செல் வங்கி ஒன்றை நடத்திவந்த வால்டர் நெல்சன்-ரீஸ் இப்பணியை மேலும் தொடர்ந்தார். ஹீலாவின் குரோமோசோம்களுக்கு உரிய தனி அடையாளங்களைக் கொண்டு அதனை இனங்காண்பது அவர் முறை. பனிப்போர்க் காலத்தில், சோவியத் நாட்டு ஆய்வகங்கள் வெவ்வேறு புற்றுநோய்களிலிருந்து பெற்றதாக அமெரிக்காவிற்கு அளித்த செல் வரிசைகளை அவர் சோதித்தார். அவையும் ஹீலாவே. 1974 முதல் அவர் வெளியிட்ட பட்டியல்களில் கலப்புற்ற செல் வரிசைகளின் பெயரோடு, அவற்றை வழங்கிய ஆய்வகங்களின் பெயரும் இடம்பெற்றது. அதனால் அவர் சம்பாதித்த பகை சிறிதன்று. 1981இல் பணியிலிருந்து முன்னதாகவே ஓய்வுபெற்றார். அவருடைய பட்டியல்கள் பெரும்பாலும் சரியென்று பின்வந்த டி.என்.ஏ. சோதனைகள் காட்டின.

ஹென்றியட்டாவின் பிள்ளைகள், தம் தாயின் செல்கள் உயிரோடு இருப்பதை 1970களின் தொடக்கத்தில்தான் அறிந்தனர். இக்கலப்படச் சிக்கலைத் தீர்க்கக் குடும்பத்தாரின் குருதி தேவைப்பட்டு ஆய்வாளர்கள் அவர்களை அணுகினர். தாய் மறைந்து இருபது ஆண்டுகள் கடந்த நிலையில், எதற்காகக் குருதி எடுக்கிறார்கள் என்பதைக்கூட அவர்களுக்கு எவரும் தெளிவாக எடுத்துரைக்கவில்லை.

சாங் கல்லீரல் செல்

கீழாநெல்லியின் கதையும் ஹீலாவின் கதையும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. 1954இல் சாங் என்னும் ஆய்வாளர், மனிதக் கல்லீரலிலிருந்து உருவானதாக ஒரு செல் வரிசையை அறிவித்தார். சாங் கல்லீரல் செல் எனப்படும் அது உலகெங்கும் பரவியது. எளிதில் வளரும், இயல்பான மனிதக் கல்லீரல் செல் என்னும் பெயரும் உண்டு. ஆகவே மருந்துகளின் நச்சுத்தன்மையை அளக்கவும், கல்லீரலைக் காக்கும் மூலிகைகளை ஆராயவும் அதனைப் பலர் கையாண்டனர். அது உண்மையில் ஹீலா என்பது 1970களிலேயே வெளியாகிவிட்டது. அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் அதனைக் கல்லீரல் செல்லென்றே கருதி எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம்.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லீரல் செல்லுக்கெனச் சில வேலைகள் உண்டு. உடலில் சேரும் நச்சுப்பொருளைச் சிதைக்கும் நொதிகளை அது மிகுதியாகப் படைத்திருக்கிறது. மருந்தொன்று கல்லீரலில் எவ்வாறு மாற்றமடையும் என்பதை முடிவுசெய்வன அந்நொதிகளே. கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல் அவ்வேலைகளைச் செய்வதில்லை. ஆகவே ஒரு சாறு சாங் செல்லைக் காத்தது என்றால், அது ஹீலாவைக் காத்தது என்றே பொருள். கல்லீரலைப் பற்றி அவ்வாய்வு எதனையும் சொல்லவில்லை. சாறெடுத்த செடியும் நிரூரி என்னும் பழைய பெயரில் சந்தையில் வாங்கிய பொடியாக இருந்துவிட்டால், எச்செடி எச்செல்லில் என்ன செய்தது என்பதே அறியமுடியாத நிலை உண்டாகும். அளவீடுகள் துல்லியமாக இருக்கலாம். வரைபடங்கள் ஒழுங்காக இருக்கலாம். ஆய்வு மாணவர் இரவுபகலாக உழைத்திருக்கலாம். அவ்வுழைப்பு முழுவதும் பெயரளவில் வேறொன்றின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

பிற செல்களிலும் இதே நிலை உண்டு. குருதிக்குழாயின் உட்சுவர்ச் செல்லாகக் கருதப்பட்ட இசிவி304 என்பது சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல். மார்பகப் புற்றுநோய்க்கு மாதிரியாக நெடுங்காலம் கொள்ளப்பட்ட எம்டிஏ-எம்பி-435, தோலில் தோன்றும் மெலனோமா புற்றுநோயின் செல் எனத் தெரியவந்தது. இத்தகைய செல் வரிசைகளைப் பதிவுசெய்து வெளியிடும் பன்னாட்டுக் குழு ஒன்று 2012 முதல் செயல்படுகிறது. அதன் பட்டியலில் இப்போது ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அடையாளம் தவறிய செல்களைக் கையாண்ட கட்டுரைகள் எத்தனை என்று நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் 2017இல் கணக்கிட்டனர். கிடைத்த எண் 32,755. அவற்றை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் ஏறத்தாழ ஐந்து இலட்சம்.

இத்தனை ஆண்டுகள் இது நீடித்ததற்கு அறியாமை மட்டுமே காரணம் என்று கூறுவதற்கில்லை. மூத்தோர் பயன்படுத்திய செல்லை இளையோர் ஐயமின்றி வாங்கிக்கொள்கின்றனர். நண்பரின் ஆய்வகத்திலிருந்து பெறும் குடுவைக்குச் செலவில்லை. சான்றளிக்கப்பட்ட வங்கியிலிருந்து வாங்கினால் பணமும் காலமும் ஆகும். வெளியிட்ட கட்டுரையைத் திருத்துவது பெயருக்கு இழுக்கு எனப் பலர் அஞ்சுகின்றனர். இவற்றுள் கடைசிக் காரணமே மிகுந்த தீங்கு விளைவித்தது எனலாம். முதலிரண்டும் கவனக்குறைவு, கடைசியோ தெரிந்தே காத்த மௌனம்.

அடையாளம் காணும் வழிகள்

செல் யாருடையது என்பதை இன்று ஓரிரு நாளில் அறியலாம். மனித டி.என்.ஏ.வில் சில இடங்களில் நான்கெழுத்துத் தொடர் ஒன்று, ஒரே சொல்லை அச்சில் பலமுறை அடுக்கியது போலத் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அத்தகைய இடங்கள் எட்டோ அதற்கு மேலோ தேர்ந்து, ஒவ்வொன்றிலும் எண்ணிக்கையைக் குறித்தால் கிடைக்கும் எண்வரிசை ஒருவருக்கு உரிய முத்திரை போன்றது. குற்றவியல் தடயத்துறையும் இம்முறையையே கையாள்கிறது. தன் குடுவையில் உள்ள செல்லின் எண்வரிசையை மூலச் செல்லின் எண்வரிசையோடு ஒப்பிட்டு, எண்பது விழுக்காடோ அதற்கு மேலோ பொருந்தினால் இரண்டும் ஒரு மூலத்தின எனக் கொள்வர். நம் நாட்டில் புனேயில் உள்ள தேசியச் செல் அறிவியல் மையம் செல் வரிசைகளைப் பாதுகாத்து ஆய்வகங்களுக்கு வழங்குவதோடு, இச்சோதனையையும் செய்து தருகிறது. புகழ்பெற்ற இதழ்கள் பல இச்சோதனையின் முடிவைக் கேட்ட பின்னரே கட்டுரையை ஏற்கின்றன.

செடிக்கும் இதுபோன்ற வழி வந்துள்ளது. இலைத்துணுக்கிலோ பொடியிலோ உள்ள டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட சிறுபகுதியைப் படித்துச் சிற்றினத்தை அறிவது அம்முறை. பெங்களூரு ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, தென்னிந்திய மூலிகைக் கடைகளில் கீழாநெல்லி என விற்கப்பட்ட 25 மாதிரிகளை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டது. 76 விழுக்காடு மாதிரிகள் அமாரஸ். மீதமுள்ளவற்றில் டெபிலிஸ், பிரேடர்னஸ், யூரினேரியா, மதராஸ்பதென்சிஸ் ஆகியவற்றோடு, கோழிக்கோட்டின் பெயர்தாங்கிய கோழிக்கோடியானஸ் என்னும் சிற்றினமும் இருந்தது. நான்கில் மூன்று கடைகள் சரியான செடியையே விற்றன என்பதை வணிகர்க்கு உரிய பாராட்டாகவே கொள்ளலாம். மருந்தாய்வுக்கு வாங்குபவருக்கோ நான்கில் ஒன்று தவறு என்பது பெரிது.

டி.என்.ஏ. சோதனைக்கு முன்பே தாவரவியலார் கைக்கொண்ட எளிய முறை, உலர்தாவரத் தாள். பூவும் காயுமாக உள்ள செடியை அழுத்தி உலர்த்தித் தடித்த தாளில் ஒட்டி, பறித்த இடம், நாள், உயரம், பூவின் நிறம், பறித்தவர் பெயர், வரிசை எண் ஆகியவற்றை அதன் ஓரத்தில் எழுதிவைப்பர். உலர்ந்தபின் மறையக்கூடிய நிறத்தையும் மணத்தையும் எழுத்தில் காப்பது அக்குறிப்பின் சிறப்பு. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவர நிலையத்தைச் சேர்ந்த கே. எம். மேத்யூ அடிகளார், கல்வராயன் மலை உள்ளிட்ட கிழக்குத்தொடர்ச்சி மலைகளிலும் சமவெளியிலும் செடிகளைத் திரட்டித் தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவர நூலை 1980களின் தொடக்கத்தில் வெளியிட்டார். பெயர் நாளை மாறினாலும் தாளில் செடி இருக்கிறது. எடுத்துப் பார்த்து, பூவிதழை எண்ணிப் புதிய பெயரை அதனருகே எழுதிக்கொள்ளலாம். மூலிகை ஆய்வுக் கட்டுரையில் இத்தகைய சான்றுத்தாளின் எண்ணைக் குறிப்பிடுவது இன்று பல இதழ்களின் விதி.

சாங் கல்லீரல் செல் இன்றும் செல் வங்கிகளின் பட்டியலில் உள்ளது. அமெரிக்க வங்கியின் பட்டியலில் அதன் பெயரை அடுத்து, ஹீலாவிலிருந்து வந்தது என்னும் குறிப்பு இடம்பெற்றிருக்கிறது. வாங்குவோர் அவ்வரியையும் படித்தாக வேண்டும்.